குடிக்காதவன் செய்த சத்தியம்

கடுகண்ணாவைக் கணவாயின் கீழ் வளைவில் பொலிஸ்காரர் நீட்டிய பலூனை வலன்ரைன் மூச்சைப் பிடித்து ஊதினான். அதன் வாயில் பொருத்திய கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த மஞ்சள் மணிகள் மஞ்சளாகவே இருந்தன. குடித்திருந்தால் அவை பச்சையாகியிருக்க வேண்டும். பொலிஸ்காரர் குழாயை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார், பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

“ஆயெத் பிம்பின்ன,” என்றார். சிங்களத்தில், திரும்பவும் ஊது என்று.

திரும்பவும் ஊதினான். மஞ்சள்தான். பொலிஸ்காரர் வேண்டாவெறுப்பாகக் கையை வீசி அவனைப் போகச் சொன்னார்.

முச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தவர் உபதேசியார் தனபாலன். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுக்கத்தான் கோயிலில் அவரை வைத்திருந்தார்கள். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊருக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார். அவர் கண்ணில் மஞ்சள் மணிகள் படவில்லை. பலூனைப் பிடித்திருந்த கை நடுங்கியது பட்டது. “நான் குடிக்கிறதில்ல சேர்” என்று வலன்ரைன் சொன்னபோது சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தது காதில் விழுந்தது. வளைவில் வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டியதால்தான் பொலிஸ் மறித்தது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். கோயில் வாசலில் இறங்கும்போது அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் என்னவென்று வலன்ரைனுக்கு விளங்கியது.

வயது இருபத்தாறு. ஸ்டேஷன் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘பிளேன்டி சாமியார்’. சம்பளமோ பெருநாளோ, எவன் போத்தலைத் திறந்தாலும் இவன் கையில் பால் போடாத பிளேன்டி கோப்பைதான் இருக்கும். அதற்குக் காரணம் இருந்தது. அவன் அப்பா சாந்தகுமார் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து, கடைகளில் மூட்டை தூக்கி, உழைத்ததையெல்லாம் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்றவனிடம் கொண்டுபோய்க் கொட்டியவர். அம்மா அந்த வேதனையிலேயே போய்ச் சேர்ந்தாள். அப்பாவும் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிப் போனார். மிஞ்சியது வலன்ரைனும் தங்கை ஜூலியும். இவன் படிப்பை விட்டுவிட்டு வண்டி ஓட்டி அவளை ஏ எல் வரை படிக்க வைத்தான். இப்போது அவள் பல்லேகலயில் ஒரு கார்மெண்ட்ஸில் சுப்பர்வைசர். யுகேஷ் என்ற பையனோடு கல்யாணம் பேசி முடிந்திருந்தது. குடிகாரன் வீட்டுப் பிள்ளைகள் என்ற பெயரைத் துடைத்துப்போட அண்ணனும் தங்கையும் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அப்படிப்பட்டவனின் கைதான் சில மாதங்களாக அவன் சொல்வதைக் கேட்காமல் இருந்தது. மிச்சக்காசு கொடுக்கும்போது சில்லறை சிதறியது. பிறகு நாக்கும் சேர்ந்துகொண்டது. காரணமில்லாமல் கோபம் வந்தது, காரணமில்லாமல் அழுகையும் வந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

அன்று மாலை அவன் வீட்டுக்கு வரும் முன்னரே தனபாலன் வந்து போயிருந்தார். ஜூலி கதிரையில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போன உடுப்பைக்கூட மாற்றவில்லை.

“எப்பயிருந்துண்ணே?”

“என்னா எப்பயிருந்து?”

“என்கிட்ட நடிக்காத. பொலிஸ் மறிச்சிருக்கு.”

“ரெண்டு வாட்டி ஊதச் சொன்னான் புள்ள. ஒண்ணுமில்லன்னுதான் விட்டான்.”

“பலூன்ல தெரியாததும் இருக்கில்ல. தூள், ஐஸ்னு எத்தனை போதை இருக்கு இப்ப.”

வலன்ரைனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது ஜூலியின் கண்ணுக்கு வேறுமாதிரித் தெரிந்தது. “அப்பாவும் இப்படித்தான் சிரிச்சிக்கிட்டே இல்லன்னு சொல்லுவாரு,” என்றாள். அவள் அழுதாள். அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திராது.

குடிகாரன் மகளுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. வாசற்படியில் காலடிச் சத்தம் கேட்டதும் அது நேராக வருகிறதா கோணலாக வருகிறதா என்று காது தானாகவே எடைபோடும். ஜூலியின் காது பன்னிரண்டு வயதிலேயே அதைப் படித்துவிட்டது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அண்ணன் காலடி ஏன் கோணலாக வருகிறது என்று கேட்க அவள் மனம் இடங்கொடுக்கவில்லை. அவளுக்குப் பதில் முன்னரே தெரிந்திருந்தது.

இருந்தாலும் கண்டி டவுனில் ஒரு பிரைவேட் டொக்டரிடம் கூட்டிப் போனாள். அந்தக் கிழமை வலன்ரைனுக்குக் காலில் புண். கராஜில் துருப்பிடித்த தகரம் குதிகாலைக் கிழித்து, சீழ் வைத்து, கணுக்கால் வரை சிவந்து வீங்கிக் காய்ச்சலும் காய்ந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான்.

டொக்டர் கெட்டிக்காரர்தான். இளவயதில் கை நடுங்கி, கூடவே ஈரலும் பழுதானால் ஒரு அபூர்வ நோயைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரத்தத்தில் ஒரு புரதத்தை அளக்கச் சொல்லி எழுதினார். அந்த நோய் இருந்தால் அது குறைந்திருக்கும் என்றார். முடிவு வந்தபோது ஈரல் பழுதாகித்தான் இருந்தது. புரதம் மட்டும் குறையவில்லை.

“இது நோயில்லை,” என்று டொக்டர் ஜூலியைப் பார்த்துச் சொன்னார், வலன்ரைனைப் பார்த்தல்ல. “ஈரல் இந்த நிலைமையில இருக்குன்னா குடிதான். நிறுத்தச் சொல்லுங்க.”

காலைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. கை நடுக்கத்துக்கு வந்த இடத்தில் கால் புண்ணை எதற்கு இழுப்பானேன் என்று நினைத்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜூலி அவன் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் ஒரு கிழவியின் பக்கத்தில் இடம் பிடித்து, பேராதனை தாண்டும் வரை யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குப் பிறகுதான் தனபாலன் கோயில் யோசனையைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளில் குடிகாரர்கள் சத்தியம் செய்வது அந்தப் பங்கில் வழக்கம். சுரூபத்தின் பாதத்தில் கையை வைத்து, எல்லாரும் கேட்கப் பெயரைச் சொல்லி, இனித் தொடமாட்டேன் என்று சொல்ல வேண்டும். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிப்பார். அப்படிக் குடியை விட்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள். சத்தியத்தை மீறி லொறியில் அடிபட்டுப் போனவர்களின் கதைகளும் இருக்கின்றன. கதைகளுக்குத்தான் மவுசு அதிகம்.

“நான் குடிக்கவே இல்லையே ஐயா,” என்றான் வலன்ரைன்.

“அப்ப சத்தியம் பண்ண என்ன பயம்?” என்றார் தனபாலன். “மாப்பிள்ளை வீட்டு ஆக்களும் வருவாங்க. தங்கச்சி வாழ்க்கையப் பாரு தம்பி.”

செய்தால் குடிகாரன் என்று ஒப்புக்கொண்டதாகும். செய்யாவிட்டால் குடியை விட மனமில்லாதவன் என்றாகும். எந்தப் பக்கம் போனாலும் இடித்தது. வலன்ரைன் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தான். மூன்றாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனான்.

தனபாலன் வாசகத்தைச் சொல்லிக் கொடுக்க, இவன் திருப்பிச் சொல்ல வேண்டும். “குடிக்கு அடிமையாகிப் பாவத்தில் விழுந்த நான்…” என்று தொடங்கியது. அந்த இடத்தில் வலன்ரைனின் நாக்கு நின்றுவிட்டது. நோயால் அல்ல. அது பொய். அந்தோனியாரின் காலில் கையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கோயில் முழுக்க இருமல்கூட இல்லாமல் காத்திருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். பெண்கள் பக்கத்தில், முக்காட்டுக்குள் ஜூலியின் முகம் வெளிறி, உதடு செபத்தில் அசைந்துகொண்டிருந்தது. யுகேஷின் அம்மா அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். வலன்ரைன் திரும்பி, குடிக்கு அடிமையாகிப் பாவத்தில் விழுந்த நான் என்று குழறிக் குழறிச் சொல்லி முடித்தான். சுரூபத்தின் பாதத்தில் அவன் கை ஆடியதில் மெழுகுவர்த்தி ஒன்று சரிந்தது.

அன்று இரவு ஜூலி அவனுக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தாள். பல நாட்களுக்குப் பிறகு அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோது, பொய் சொன்னது சரிதானோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

நடுக்கத்துக்குச் சத்தியம் தெரியுமா? அது கூடிக்கொண்டே போனது. குடித்தவனைக்கூட ஊர் மன்னித்துவிடும், சத்தியத்தை மீறியவனை மன்னிக்காது. ஸ்டாண்டில் பிளேன்டி சாமியார் என்று கூப்பிட்டவர்கள் கேலியை நிறுத்தினார்கள். அவன் வண்டியில் ஏற வந்தவர்கள் போன் வந்ததுபோல ஒதுங்கினார்கள்.

நிச்சயதார்த்தத்தன்று தகப்பன் இடத்தில் நின்று தட்டு மாற்ற வேண்டியவன் அவன். வெற்றிலையும் பழமும் மாப்பிள்ளைக்கான பட்டு வேட்டியும் வைத்த தட்டை அவன் தூக்கியதும், பழம் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தது. யுகேஷின் அப்பா கையை நீட்டியபடியே நின்றார். வலன்ரைன் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை இறுக்கினான். இறுக்க இறுக்க அது இன்னும் ஆடியது. கடைசியில் தட்டே கவிழ்ந்து வேட்டி தரையில் விழுந்தது. யுகேஷ் குனிந்து வேட்டியை எடுத்துத் தூசி தட்டினான்.

வந்தவர்கள் போன பிறகு ஜூலி அவனெதிரே வந்து நின்றாள். “கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல நீ நிக்க வேணாம்னு சொல்லிட்டுப் போறாங்க,” என்றாள். பிறகு, குரல் இறங்கி, “இந்த வீட்டுலயும் நிக்காதண்ணே. அந்தோனியார் கால்ல கை வச்சிட்டு வந்து குடிக்கிற மனுசனோட ஒரு கூரைக்குக் கீழ என்னால இருக்கேலாது. எனக்குப் பயமா இருக்கு.”

குடிக்கவில்லை என்ற சொல்லை அவன் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டான். இரண்டு சட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். இவ்வளவு நாள் வளர்த்த தங்கை கதவைச் சாத்தும் சத்தம் கேட்டபோது, தனக்கே தெரியாமல் தான் குடிக்கிறேனோ என்று அவனுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

மறுநாள் காலையில் சவாரிக்கு ஆளில்லாமல் கணவாயில் இறங்கும்போது பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் விறைத்துப் போனது. வண்டி வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி மதிலில் மோதியது. ஓடிவந்தவர்கள் முதலில் அவன் வாயைத்தான் மோந்து பார்த்தார்கள்.

கண்டி பெரியாஸ்பத்திரியில் அவனைப் பார்த்தவர் டொக்டர் றலியா. அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பெண். பேச்சில் சுற்றிவளைப்பு இல்லாதவர். நெற்றிக் காயத்துக்குத் தையல் போட்டு முடிந்த பிறகும் அவர் போகவில்லை. அவன் கண்ணின் மஞ்சளையும் கையின் ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“குடிப்பீங்களா?”

வலன்ரைன் கண்ணை மூடிக்கொண்டான். “என்னா சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க டொக்டர். அதையே சொல்றேன்.”

இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முதலிலிருந்து செல்லுங்க என்றார். சொல்லுங்க என்பது அவர் ஊர்ப் பேச்சில் அப்படித்தான் வரும். அவன் குழறிக் குழறிச் சொன்னான். பிரைவேட்டில் எடுத்த இரத்தச் சோதனை வரை வந்ததும் அவர் மறித்தார்.

“அந்தப் புரதம் சரியா இரிக்கிண்டு செல்லிட்டாங்களா? அந்த நேரம் ஒடம்புல வேற ஏதாச்சும் இரிந்திச்சா? காச்சல், புண்?”

“கால்ல புண்ணு. தகரம் கிழிச்சி சீழ் வச்சிருந்துச்சி.”

றலியா போர்வையை விலக்கி அவன் குதிகாலில் இருந்த தழும்பைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“நம்ம சாப்பாட்டுல செம்பு இரிக்கி. ஈரல்ல உண்டாகிற ஒரு புரதம்தான் அதை ரெத்தத்துல சுமந்துட்டுப் போறது. மிச்சச் செம்பை ஈரல் வெளிய தள்ளிரும். சில பேருக்குப் பொறப்புலயே அது நடக்கிறதில்ல. செம்பு ஈரல்லயும் மூளையிலயும் தங்கிப் போயிரும். கை நடுங்கும், நாக்குக் குழறும், கோவம் வரும். புரதமும் கொறஞ்சி போயிரும். அதைப் பாத்துத்தான் நாங்க கண்டுபிடிக்கிறது.”

“எனக்குக் கொறையலியே.”

“அங்கதான் பிழை நடந்திரிக்கி. ஒடம்புல சீழ், கிருமி எண்டு வந்தா, அதோட சண்டை பிடிக்க ஈரல் சில புரதங்களக் கூடுதலாச் செஞ்சி அனுப்பும். இதுவும் அதுல ஒண்ணு. சும்மா இரிக்கிற நாள்ல எடுத்திருந்தா கொறைவாத்தான் காட்டியிருக்கும். ஒங்கட புண் அதை ஏத்தி வச்சிரிச்சி.”

வலன்ரைன் தழும்பைப் பார்த்தான். ஒரு தகரக் கீறலுக்காகவா இத்தனையும்? அவன் உண்மையைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. இரத்தம் பொய் சொன்னதும் உடனே நம்பிவிட்டார்கள். அவனுக்கு ஆத்திரம் பொங்கி வந்தது. ஒரு தலையணையைத் தவிர எறிவதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

கண் கிளினிக்கில் கருவியால் பார்த்தபோது, கருவிழியின் ஓரத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தது. செம்பு படிந்த வளையம். புதிதாக எடுத்த இரத்தத்தில் புரதம் மிகக் குறைந்திருந்தது. மருந்து இருக்கிறது, ஆயுள் முழுக்கக் குடிக்க வேண்டும், தொடக்கத்தில் நடுக்கம் கூடினாலும் கூடும், பயந்து நிறுத்தக் கூடாது என்றார் றலியா. ஈரல், நண்டு, கச்சான் கடலை எதுவும் தொடக் கூடாது. உடம்பு தேறட்டும் என்று ஞாயிறுதோறும் ஜூலி வாங்கிவந்து பிரட்டிக் கொடுத்த ஆட்டீரல் அவன் ஞாபகத்துக்கு வந்தது. அவன் அதை டொக்டரிடம் சொல்லவில்லை.

“கூடப் பொறந்தவங்க இரிக்கிறாங்களா? கட்டாயம் வரச் செல்லுங்க. நாலு பேருல ஒருத்தருக்கு வாறதுக்கு இடமிரிக்கி. வெளிய தெரியாமலும் இரிக்கும்.”

ஜூலி வந்தாள். வாட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். றலியா அவளிடம் தனியாக எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கட்டிலருகே வந்து அண்ணனின் கையைப் பிடித்தாள். அந்தக் கை அவள் பிடிக்குள்ளேயே நடுங்கியது. “அண்ணே” என்றாள். அவன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். கோபம் போகவில்லை. போக வேண்டும் என்றும் அவன் நினைக்கவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

அவளுக்கும் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த நாளில் றலியா அந்தத் தாளோடு கட்டிலருகே வந்தார். வாட்டில் திரைச்சீலை கிடையாது. பக்கத்துக் கட்டில்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“தங்கச்சிக்குப் புரதம் சரியா இரிக்கி.”

ஜூலி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வலன்ரைனுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

“ஆனா அண்ணனுக்கு நடந்தது திரும்பவும் நடக்கக் கூடாது,” என்றார் றலியா. “காச்சல், புண் ஏதாச்சும்?”

“இல்ல டொக்டர்.”

“குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை?”

“இல்ல.”

“பிள்ளை ஏதும் தங்கியிரிக்கா? கர்ப்பத்துலயும் இது நல்லா ஏறும்.”

ஜூலியின் பார்வை அண்ணன் பக்கம் ஓடித் திரும்பியது. “கல்யாணமே அடுத்த மாசந்தான் டொக்டர்,” என்றாள். “இல்ல.”

றலியா தலையாட்டினார். தாளை மடித்தார். வலன்ரைன் தங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் முகம் வெளிறியிருந்தது. உதடு சத்தமில்லாமல் அசைந்தது. அது யாருக்காகவோ சொன்ன பதில் என்று அவனுக்குத் தெரிந்தது. சுரூபத்தின் காலில் கையை வைத்துக்கொண்டு அவனும் அப்படித்தான் ஒரு பதில் சொன்னான். டொக்டர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். இவள் இந்தத் தாளோடு வீட்டுக்குப் போய்விடுவாள். போய், கல்யாணம் கட்டி, ஒரு நாள் கை நடுங்கத் தொடங்கும்போது யார் இருப்பார்கள்?

“டொக்டர்,” என்றான். எழும்ப முயன்றான். முடியவில்லை. “ஜூலி. நான் அன்னைக்கு… கோயில்ல… பொய் சொன்னேன். எல்லாரும் நல்லா இருக்கணும்னு சொன்னேன். பாத்தியா என் நெலமைய? நீ… பொய் சொல்லாத.”

ஒவ்வொரு சொல்லும் வெளியே வர நேரம் எடுத்தது. வாட்டு முழுவதும் காத்திருந்தது. ஜூலி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு மாசம்,” என்றாள், தரையைப் பார்த்தபடி.

றலியா மடித்த தாளைப் பிரித்தார். “அப்ப இந்தக் கணக்க நம்பி ஒங்கள நான் அனுப்ப ஏலாது. கண்ணைப் பாக்கோணும், சிறுநீர்ல செம்பு பாக்கோணும். இரிந்தாலும் பயப்பட வேணாம். பிள்ளைக்குப் பழுதில்லாத மருந்து இரிக்கி.” பக்கத்துக் கட்டில்களைச் சுற்றி ஒரு முறை முறைத்துவிட்டு, கண் கிளினிக்குக்குச் சொல்லிவிட நடந்தார்.

ஜூலி இன்னும் நிமிரவில்லை. “அண்ணே, யுகேஷ்தாண்ணே. வேற யாருமில்ல. சத்தியமா. நீ நம்ப மாட்டே…”

கேட்க அவனுக்கு எத்தனையோ இருந்தது. அவளுடைய காது அவன் காலடியை எடைபோட்ட மாதிரி, இவனும் அவள் சொல்லை எடைபோட்டிருக்கலாம். அவள் அன்று சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு சொல்லைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவற்றில் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அவன் அதை விழுங்கினான்.

“நம்புறேன்,” என்றான்.

அது குழறித்தான் வந்தது. ஜூலி அதைத் திரும்பச் சொல்லும்படி கேட்கவில்லை.